அலுமாரி எப்படி உள்ளே வந்தது

யாருடைய வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, உள்ளே கண்ணில் படுகிற ஆகப் பெரிய பொருளை விரலால் காட்டி, "இது எப்பிடி உள்ளுக்கு வந்தது?" என்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். வீட்டுக்காரர் பாவம், கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்தோம், அலுமாரியைப் படியில் சாய்த்துத் தூக்கினோம் என்று யோசித்து யோசித்துச் சொல்லி முடிக்க, அடுத்த கேள்வி வரும். "வெளியால எப்பிடிப் போகும்?"

எங்கள் கொட்டாஞ்சேனையில் ஒருவர் இப்படிக் கேட்டால் வீட்டை விட்டு எழுப்ப வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். எத்தனையோ வீடுகளில் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமலே அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. படியிறங்கும்போது படியின் அகலத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

அவர் ஒரு கட்டடக் கலைஞர். ஐம்பது தாண்டிய பெண். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீட்டில் தனியாக இருந்தார். சீமெந்தும் செங்கல்லும் அவருக்கு ஆகாது. தூண், வளை, சுவர், கூரை எல்லாம் தொழிற்சாலையில் செய்து, துளையும் போட்டு, இலக்கமும் எழுதி, லொறியில் வந்து இறங்க வேண்டும். வந்த இடத்தில் ஸ்பானரால் பூட்ட வேண்டும். அவர் வரைந்ததெல்லாம் அந்த வகைக் கட்டடங்கள்தான். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் நட்டு மிஸ். அந்தப் பெயருக்கு அவர்கள் இரண்டு காரணம் வைத்திருந்தார்கள். இரண்டாவதை நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு அவர் வேண்டியிருந்தது ஒரு மண்டபத்துக்கு. சாவு வீட்டுக் காரியங்களைப் பார்க்கிற எங்கள் தொடர்மாடிகளின் மரணாதார சங்கத்துக்கு நான் செயலாளர். துறைமுகத்தில் கொள்கலன் எடுத்துக்கொடுக்கும் கம்பனியொன்றில் கிளார்க் வேலை பார்ப்பவனுக்கு எழுதத் தெரியும் என்று தலையில் கட்டிய பதவி. ஆனால் மண்டபம் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். அதற்குக் காரணம் என் அப்பா.

நாங்கள் மேல்மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. படி திரும்புகிற இடத்தில் சவப்பெட்டி படுத்தவாக்கில் திரும்பாது. அப்பாவை இறக்கியபோது பெட்டியை நிமிர்த்தி, அவரை நிற்க வைத்துத்தான் திருப்பினோம். கால் பக்கத்தைப் பிடித்திருந்தவன் நான். உள்ளே அப்பா கீழே சரிந்து வந்து பலகையில் முட்டிய சத்தம் என் கைக்குத்தான் முதலில் கேட்டது. கைக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள், கேட்டது. மேலே வாசலில் நின்ற அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

அதனால்தான் பெட்டியை வைக்கக் கீழே ஒரு மண்டபம். தொடர்மாடிக்கும் கழிவுநீர்க் கானுக்கும் நடுவில் கோவிலுக்குச் சொந்தமான ஒடுங்கிய காணித்துண்டை பங்குச் சுவாமியார் தரச் சம்மதித்தார். மண் ஈரமண். கல்லுக் கட்டடம் தாழும், பாரமில்லாததாகத்தான் போடவேண்டும் என்றார்கள். அப்படித்தான் யாரோ நட்டு மிஸ்ஸைக் காட்டிவிட்டார்கள்.

முதல் தடவை அவர் வந்தது ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். இரண்டு பேர் நீளமான மூங்கிலொன்றைத் தோளில் சுமந்துகொண்டு முன்னே வர, அவர் கைப்பையோடு பின்னால் நடந்து வந்தார். எங்கள் சனம் என்ன நினைக்கும்? திருநாளுக்குக் கொடிமரம் வருகிறது என்று நினைத்துவிட்டது. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்து சிலுவை போட்டார்கள். யாரோ ஒருவர் மாதா பாட்டைத் தொடங்கியும் விட்டார். மூங்கில் ஒழுங்கை வளைவில், குழாயடிக்குப் பக்கத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் கையைத் தூக்கினார்.

"சரி, இவ்வளவுதான். இதில கொஞ்சம் வெட்டுங்கோ."

எல்லோருக்கும் முன்னால் கொடிமரத்தை வெட்டினார்கள். பாட்டு நின்றுபோனது. எங்கள் சங்கத் தலைவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், என்னிடம் மெதுவாக, "யாரடா இந்தப் பொம்பிள?" என்றார். நான்தான் கூட்டிவந்தேன் என்று சொல்லப் பயமாக இருந்தது.

வெட்டிய மூங்கில் வளைவில் திரும்பியது. அதுதான் மண்டபத்தின் ஆகப் பெரிய துண்டின் நீளம். அதற்கு மேல் ஒரு துண்டும் இருக்கக்கூடாது, மீதியெல்லாம் அந்த நீளத்துக்குள் பிரித்துப் பூட்டவேண்டும். காணியை அவர் அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"காணியப் பாக்கேல்லையா மிஸ்?"

"அது ஓடாது, தம்பி. வழியைத்தான் முதல் பாக்கவேணும். வழிக்குள்ள வராத கட்டடத்தைக் கீறி என்ன செய்யிறது?"

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. அவரோடு கதைத்தால் எப்போதும் இப்படித்தான்.

படத்தைக் காட்டுவதற்காக என்னையும் தலைவரையும் வெள்ளவத்தைக்குக் கூப்பிட்டிருந்தார். காலி வீதியில் இறங்கி, ரயில் சத்தம் கேட்கிற அந்த வீட்டுக்குப் போனோம். கதிரை, மேசை, கட்டில் எல்லாம் கழற்றிப் பூட்டுகிற சாமான்கள். ஆனால் முன்னறையில் ஒரு தேக்கு அலுமாரி நின்றது. ஐயோ, அது அலுமாரியா? உள்ளே ஒரு குடும்பம் குடியிருக்கலாம். வாசலைப் பார்த்தேன், அலுமாரியைப் பார்த்தேன். எப்படிச் சாய்த்தாலும் அந்த வாசலால் வராது. கழற்றுகிற மூட்டு ஒன்றும் அதில் இல்லை.

"மிஸ், இது எப்பிடி உள்ள வந்துச்சு?" என்று கேட்டேன். பழிவாங்கிவிட்டேன் என்று ஒரு சந்தோஷம்.

"நான் வரேக்க இருந்தது," என்றார். படத்தை விரித்தார்.

இன்னொரு நாள் கேட்டேன். பல்கனியால் கயிறு கட்டி ஏற்றியதாம். பல்கனிக்குக் கட்டடம் கட்டிய நாளிலிருந்தே இரும்புக் கம்பி அழி இருக்கிறது. மூன்றாம் தடவை கேட்டபோது ஓடாவி மரத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே இருந்து செய்தவர் என்றார். எது உண்மை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்றையும் ஒரே முகத்தோடு சொன்னார். பொய் சொல்கிறவருடைய முகமும் அது இல்லை.

மண்டபம் வந்தது. ஹெந்தளைப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து சின்ன லொறியில் துண்டு துண்டாக வந்தது. அவரே வளைவில் நின்று, "மல்லி, டிக்கக் பஸ்ஸட்ட!" என்று சிங்களத்தில் சாரதியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். குழாயடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. மணல் குவியல் இல்லை, சீமெந்துத் தூசி இல்லை. அடுத்த திருநாளுக்கு முதல் முடியுமா என்று நாங்கள் பயந்த வேலை, அத்திவாரம் காய்ந்ததும் சடசடவென்று எழும்பிவிட்டது. கூரை ஏறிய அன்று தலைவர்கூட வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சுவரைத் தட்டிப் பார்க்கிற பழக்கம். தட்டினால் கல்லைப் போல அது சத்தமே போடக்கூடாது. இது இரண்டு தகட்டுக்கு நடுவில் நுரை வைத்த பேனல். தட்டினால் டொக்கென்றது. அது போதும். "தகர மண்டபம்" என்ற பெயர் அன்று பின்னேரமே நிலைத்துவிட்டது.

அதைவிடக் குழப்பம் உள்ளே இருந்தது. மண்டபத்தின் பின்பாதியில், குறுக்கே ஒரு துண்டுச் சுவர். இரண்டு பக்கமும் முட்டாமல் நடுவில் தனியே நின்றது. அதன் நடுவில் ஒரு கதவு நிலை. கதவு இல்லை. சுற்றிக்கொண்டு போகலாம், பிறகு எதற்கு நிலை?

"கதவு எங்க மிஸ்?" என்று தலைவர் கேட்டார்.

"பிறகு வரும்."

"எப்ப?"

"வேணுமெண்டேக்க."

தலைவர் அங்கே ஒரு திரைச்சீலை தொங்கவிட்டார். மிஸ் வந்து கழற்றினார். தலைவர் திரும்பவும் போட்டார். அவர் திரும்பவும் கழற்றினார். கடைசியில் தலைவர் கைவிட்டார். "படிச்ச ஆக்களுக்கு இப்பிடித்தான் ஏதாவது இருக்கும்," என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

என் அம்மா இதையெல்லாம் மேலே ஜன்னலில் இருந்தே பார்த்தார். இருதயம் பலவீனம், படியிறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு உலகம் என்பது எங்கள் வீட்டுக் கதவுவரைதான். அந்தக் கதவை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. கதவைத் தாங்குகிற பிணைச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார். ஒவ்வொரு காலையும் திறக்கும்போது பெருவிரலால் கதவில் சிலுவை போடுவார். குருத்து ஞாயிறில் கோவிலில் தருகிற ஓலைச் சிலுவையை வருடாவருடம் மாற்றிச் செருகுவார். கதவின் நீல நிறம் மங்கி, அவர் விரல் பட்ட இடம் மட்டும் மரம் தெரிந்தது.

மண்டபம் முடிந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"என்னை அந்தத் தகரத்துக்குள்ள வைக்கிறதில்ல. விளங்கிச்சா? நான் இந்த வீட்லதான் கிடப்பேன்."

"அம்மா, படியில..."

"உங்கப்பா போன மாதிரியே நானும் போறேன். வீட்ல வைப்பேன் எண்டு சொல்லு."

"வைப்பேன் அம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது? மண்டபத்துக்காக ஊரையே அலைக்கழித்தவன் நான். என் அம்மாவை அதில் வைக்க முடியாது. மேலே வைத்தால் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கவேண்டும். அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்காக நித்திரை வரவில்லை.

யாரிடமாவது சொல்லவேண்டும் என்று நட்டு மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அடுத்த நாளே வந்தார், கையில் அளவு நாடாவோடு. நான் தடுக்க முதல் படித்திருப்பத்தில் குந்தியிருந்து அளக்கத் தொடங்கிவிட்டார். மேலே கதவைத் திறந்துகொண்டு அம்மா நின்றார்.

"என்னத்த மகள் அளக்கிற?"

மறைக்கவாவது தெரிகிறதா அந்தப் பெண்ணுக்கு? நிமிர்ந்து பார்த்து, "உங்கட பெட்டி திரும்புமோ எண்டு பாக்கிறன், அம்மா," என்றார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. அம்மா எட்டிப் படித்திருப்பத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார். "திரும்புமா?"

"திரும்பாது. நிமித்தித்தான் கொண்டுபோக வேணும்."

"அவரையும் அப்பிடித்தான் கொண்டு போனது," என்றார் அம்மா. "சரிஞ்சு போனார். எனக்குக் கேட்டுச்சு."

அதுதான் முதல் தடவை. என்னிடம் சொல்லாததை, படியில் குந்தியிருந்த ஒரு அந்நியப் பெண்ணிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்ததா, ஆறுதலாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

மிஸ் நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். மேலே ஏறி வந்து எங்கள் கதவைத் தடவிப் பார்த்தார். அகலம் அளந்தார், உயரம் அளந்தார். கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பிணைச்சலில் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார்.

"என்ட கதவ என்னத்துக்கு கழட்டுற?" அம்மா சத்தம் போட்டார்.

"சும்மா. வருமோ எண்டு பாத்தனான்."

அவர் போன பிறகு அம்மா அந்தப் பிணைச்சலுக்கு இரட்டிப்பு எண்ணெய் விட்டார். "விசர் பிடிச்சவ. ஆனா பொய் சொல்ல மாட்டா," என்றார். அலுமாரிக் கதையை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, கதவைத் திறந்து சிலுவை போட்ட கையோடு அம்மா அந்த வாசலிலேயே உட்கார்ந்தார். எழும்பவில்லை.

சடலத்தைப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்கிற மலர்ச்சாலைக்காரர்கள் அம்மாவைத் தூக்குப்படுக்கையில் கட்டிக் கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது பழக்கம். பின்னேரம் பெட்டியோடு வருவார்கள், எங்கே கொண்டுவர என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். மேலேயா, கீழேயா? வாக்குக் கொடுத்திருக்கிறேன், மேலே என்று சொல்லவேண்டும். வாய் வரவில்லை. வெள்ளவத்தைக்கு ஃபோன் எடுத்தேன். எடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றேன்.

"வாறன்," என்றார்.

பஸ்ஸில் வந்தார். நனைந்திருந்தார். "கதவைக் கழட்டுவம்," என்றார்.

"என்ன மிஸ்?"

"பிடியும், தம்பி. விழப் போகுது."

பிணைச்சல் எண்ணெயில் ஊறியிருந்ததால் ஆணிகள் வெண்ணெயில் வருவது போல வந்தன. கதவை நானும் தலைவரும் தூக்கினோம். படித்திருப்பத்தில் நிமிர்த்தித்தான் திருப்பினோம். கதவு நிமிர்ந்து நிற்பதில் யாருக்கும் வருத்தமில்லை. கீழே மண்டபத்துக்குள், அந்தத் துண்டுச் சுவரில், அத்தனை நாளும் வெறுமனே நின்ற நிலையில் வைத்தோம். பொருந்தியது. ஆணித் துளைகூட நேருக்கு நேர் வந்தது. எங்கள் தொடர்மாடிகளில் எல்லா வீட்டுக் கதவும் ஒரே அளவு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு மிஸ் என்னை மேலே அனுப்பி அனுப்பி எடுப்பித்தார். திரு இருதயப் படம், அதன் சின்ன விளக்கு, அம்மாவின் கதிரை, ஜன்னல் சீலை, மணிக்கூடு. கதவுக்குப் பின்னால் எல்லாம் எங்கள் வீட்டில் இருந்த பக்கம் பக்கமாகவே வைத்தார். அளந்துதான் வைத்தார். பின்னேரம் பெட்டி வந்தது. ஒழுங்கையால் நேராக, படுத்தபடி, ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது.

சனம் வரத் தொடங்கியது. நான் பயந்துகொண்டிருந்தேன், யாராவது தகரம் என்று சொல்லிவிடுவார்களோ என்று. முதலில் வந்தது பக்கத்து வீட்டு அக்கா. நீலக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். மண்டபத்து வாசலில் கழற்றாத செருப்பை அங்கே கழற்றினார். கதவில் மெதுவாகத் தட்டி, எப்போதும் போல, "அக்கா, இருக்கிறீங்களா?" என்றார். கேட்ட பிறகுதான் அவருக்கே அழுகை வந்தது. எனக்கும்.

பக்கத்தில் தாராளமாக வழி இருந்தது. ஒருவரும் சுற்றிப் போகவில்லை. சுவாமியார்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கதவால்தான் வந்தார். அம்மா கிடந்த நாள் முழுக்க அந்தக் கதவுக்கு முன்னால் செருப்புக் குவியல்.

அடக்கம் முடிந்து மிஸ்ஸோடு பஸ் தரிப்புவரை நடந்தேன். "மிஸ், நீங்க இத முதலே நினைச்சுத்தானா அந்த நிலைய வச்சீங்க?"

"ஒரே சைஸ் எண்டா மலிவு, தம்பி. தொழிற்சாலையில அச்சு இருக்கு."

"அப்ப கதவு பிறகு வரும் எண்டு சொன்னீங்களே?"

"கதவுக்குக் காசு காணாமத்தானே இருந்தது," என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன். என் அம்மாவை வீட்டில் வைத்தேனா, தகரத்துக்குள் வைத்தேனா? வாக்கைக் காப்பாற்றினேனா, அம்மாவை ஏமாற்றினேனா? ஒரு ஸ்க்ரூ டிரைவர் இதைத் தீர்த்துவைக்க முடியுமா? முடியும் என்று காலையில் தோன்றும், முடியாது என்று மத்தியானம் தோன்றும். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பாரோ, இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பாரோ. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே எங்கள் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது தொடர்மாடியில் யாராவது இறந்தால், பெட்டிக்குச் சொல்ல முதல் கதவைக் கழற்ற ஆள் வரும். கதவில்லாத வீடு என்றால் விஷயம் விளங்கிவிடும். அவர் இதைக் கேள்விப்பட்டு எரிந்து விழுந்தார். "நான் இப்பிடிச் செய்யச் சொன்னனானோ? அது ஒரு நிலை, அவ்வளவுதான்!" அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நன்றி சொல்லக் கேக்கோடு வெள்ளவத்தைக்குப் போனேன். அவர் தேத்தண்ணீர் ஊற்ற உள்ளே போனபோது என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அவரோடு பழகி எனக்கும் நாடா வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. அவருடைய வாசல் கதவை அளந்தேன். புதுக் கட்டடம், அகலக் கதவு. எங்கள் நிலையைவிட ஒரு சாண் கூட.

திரும்பினால் அவர் இரண்டு கோப்பையோடு நிற்கிறார். நாடாவை ஒளிக்க நேரமில்லை.

"மிஸ், உங்கட கதவு அங்க வராது."

"தெரியும்," என்றார்.

கோப்பையைத் தந்தார். "சீனி போடேல்ல, பாத்துப் போடும்." அலுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் குடித்தோம். தனியாக இருக்கிற ஒருவர் தன்னுடைய கதவை எப்போது அளந்தார், அளந்து முடித்து என்ன யோசித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மூன்று பதில் கிடைத்திருக்கும்.

பிறகு அவர் தம்பியாரோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஒரு பெட்டிதான் கொண்டுபோனார். வீட்டை வாங்கியவர்கள் அலுமாரியை வெளியே எடுக்கப் பார்த்து, முடியாமல் அதையும் சேர்த்தே வாங்கினார்களாம்.

அவர் போன அடுத்த மாதம், யாரையும் கேட்காமல், மண்டபத்து நிலையைக் கழற்றி அகலமான ஒன்றைப் பூட்டினேன். போல்ட்தானே, கழற்றலாம், பூட்டலாம். எங்கள் கதவுகளுக்கு இடைவெளி வரும் என்று பக்கத்தில் செருக ஒரு சாண் கட்டையொன்றும் செய்து வைத்திருக்கிறேன். மரணம் வந்தால் கட்டையைச் செருகிக் கதவை மாட்டுவோம். முடிந்ததும் கட்டையை எடுத்துவிடுவேன்.

இடைக்கிடை குரல் செய்தி அனுப்புவார். "தம்பி, மண்டபம் எப்பிடி? ஒண்டும் மாத்தேல்லைத்தானே?"

"அப்பிடியே இருக்கு மிஸ்," என்று பதில் அனுப்புவேன்.

தலைவருக்கு மட்டும் மனசு கேட்காது. போன கிழமையும் வெறும் நிலைக்கு முன்னால் நின்று, "என்னத்துக்கடா இவ்வளவு அகலம்?" என்றார்.

"ஒரு கதவு வரவேண்டியிருக்கு அண்ணே."

"எப்ப?"

வெள்ளவத்தையில் அந்தக் கதவில் இப்போது வேறு யாரோ தினமும் சாவி போடுகிறார்கள். அவர் இங்கே வந்து சாவதற்கும் வழியில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டையை நிரந்தரமாகச் செருகிவிட மனம் வரவில்லை.